கடற்பாலமும் கடன்பாலமும்



காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலைச் செம்மேடு வரும். வல்வில் ஓரிக்கு அங்கே சிலையுண்டு. ஆடித் திங்கள்தோறும் அரசே விழாவும் எடுக்கின்றது. இவ்வாசிரியவுரை அம்மலைமீது அமர்ந்து எழுதப்பெறுகின்றது. மலையுச்சியில் இருந்துகொண்டு கடற்பாலத்தைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் வினவலாம். அதற்குக் கரணியம் இல்லாமலில்லை. ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் கொடுத்தது கொடை. வாங்கிய பாணன் எக்காலத்தும் அதற்கு வட்டி கட்டினானில்லை. அதற்கீடாகத் தன் யாழை ஒற்றி வைத்தானுமில்லை. இன்று தமிழகக் கரைக்கும் ஈழக் கரைக்கும் இடையே எழுப்பப்போவதாய்ச் சொல்லப்படும் பாலத்திற்குப் பொருள் தர முன்வந்தவர்களோ கடன் தருவார்; கொடை தருவாரல்லர். இவ்வேறுபாட்டைத் தமிழர் விளங்கிக் கொள்ளாமலே, பாலம் வருகின்றது, பாலம் வருகின்றது என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கைதட்டிக் கொண்டிருக்கின்றனர்.

இம்மலையே ஒரு பாடந்தான். மேற்கே நாமக்கல். கிழக்குச் சரிவில் இறங்கினால் புளியஞ்சோலை; அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சார்ந்தது. மலைமேற் பிறக்கும் ஐயாறு ஆகாய கங்கை அருவியாய் வீழ்ந்து, எவரிடமும் இசைவு கேளாமல் எல்லை கடந்து துறையூர்ப் பக்கம் ஓடிவிடுகின்றது. ஆனால் புளியஞ்சோலையிலிருந்து அருவிப் பக்கம் ஏறுவார் இன்றும் காலால்தான் ஏறுகின்றனர். பதினான்கு நாடுகளாய்ப் பகுக்கப்பட்டது இம்மலை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என்று அவற்றுக்கு எத்துணை அழகிய பெயர்கள்! அந்நாடுகளுக்கிடையே காவற்சாவடி ஒன்றுமில்லை. ஒரே மொழி பேசுவார், ஒரே அரசின்கீழ் வாழ்வார், ஒரே மலையின் இரு சரிவுகளில் இருந்தும், சரிவுக்குச் சரிவு ஒரு வண்டிவழி காண்பது இத்துணை அரிதாயிருக்கின்றது. இரண்டு அரசுகள், மூன்று மொழிகள், முப்பதாண்டுப் போர் இவற்றுக்கிடையே கிடக்கும் கடலுக்குப் பாலம் என்றால், அதற்குப் பொருள் தருவார் யார், தந்தபின் அது எவர் உடைமை என்று கேட்பது நம் கடமையல்லவா?

செய்தி புதிதன்று. 2002-இல் இலங்கைத் தலைமையமைச்சராயிருந்த இரணில் விக்கிரமசிங்கே இக்கருத்தைப் பெரிதாய் எழுப்பினார். அதற்கு ‘அனுமன் பாலம்’ என்று பெயரும் வைத்தார்கள். இருகரையிலும் தமிழன் வாழும் கடலுக்குக் கட்டும் பாலத்திற்கு வடவர் தொன்மத்திலிருந்துதான் பெயர் எடுக்க வேண்டுமா? பெயரையே கடன் வாங்கினவர் பணத்தையும் கடன் வாங்குவதில் வியப்பில்லை. அன்றைய தமிழக முதலமைச்சர் செயலலிதா, பாலம் வந்தால் புலிகள் ஊடுருவுவர் என்று கூறி எதிர்த்தார். பேச்சு அடங்கிற்று.

பதின்மூன்று ஆண்டு கழித்து மீண்டும் எழுந்தது. 2015 திசம்பரில் நடுவண் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, ஏறத்தாழ 24,000 கோடி உருபாச் செலவில் பாலமும் கடலடிச் சுருங்கையும் அமைக்கப்பெறும் என்றும், முழுத் தொகையையும் ஆசிய வளர்ச்சி வங்கி தர அணியமாயிருக்கின்றது என்றும் மக்களவையில் அறிவித்தார். அதே திங்களில் கொழும்பு நாடாளுமன்றத்தில் அந்நாட்டு அமைச்சர் இலட்சுமன் கிரியெல்ல எழுந்து, அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்று மறுத்தார். ஒரு கரையில் மணவோலை படிக்கின்றார்கள். மறுகரையில் பெண்ணே பார்க்கவில்லை என்கின்றார்கள்! 2023 சூலையில், இப்போது குடியரசுத் தலைவராகிவிட்ட அதே இரணில் தில்லிக்கு வந்தபோது, நிலவழி இணைப்பு இயலுமா என ஆய்வதாகக் கூட்டறிக்கையில் எழுதினர். 2024-இல் இலங்கை அலுவலர் ஒருவர், ஏறத்தாழ 500 கோடி அமெரிக்கத் தாலர் செலவாகும், அதை இந்தியாவே ஏற்கும் என்று சொன்னதாய்ச் செய்தி வந்தது. அவ்வாண்டு திசம்பரில் புதிய குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க தில்லிக்கு வந்தார். அப்போதைய அறிக்கையில் முன்னின்றது பாலமன்று, கப்பல்.

இருபதாண்டுப் பேச்சில் ஒரு கல் நடப்படவில்லை. தொகை மட்டும் வளர்ந்தது.

இனி, இவ்வழியில் முன்பு என்ன இருந்ததென்று இளைஞர்கள் அறிய வேண்டும். 1914 பிப்பிரவரி 24-ஆம் நாள் பாம்பன் தொடர்வண்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னை எழும்பூரில் வண்டியேறியவர் தனுசுகோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னாரில் கரைசேர்ந்து, மீண்டும் தொடர்வண்டியேறிக் கொழும்பு சேர்ந்தார். முழு வழிக்கும் ஒரே பயணச்சீட்டு. ‘போட் மெயில்’ என்று நம் பாட்டன்மார் வாய்நிறையச் சொன்னது அந்த வண்டியைத்தான். வெள்ளைக்காரன் அதை நம்மீது கொண்ட அன்பினாற் செய்தானில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது, செய்தான். மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தித் தோட்டத் தொழிலாளரை நோய்க்கு ஆய்ந்து கப்பலேற்றிற்று. வழி எவன் தேவைக்கு உண்டாகின்றதோ அவன் தேவைக்கே உழைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அவ்வழி ஐம்பதாண்டுகள் நடந்தது. பின்னர் 1964 வந்தது. அவ்வாண்டு அக்தோபர் 30-இல் சாத்திரியும் சிறிமாவோவும் தில்லியில் அமர்ந்து, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று கையெழுத்திட்டனர். கையெழுத்திட்ட இருவருக்கும் அம்மக்களின் மொழி தெரியாது. அம்மக்களுள் ஒருவரையும் அவர்கள் கேட்கவுமில்லை. அடுத்த இரண்டாம் திங்கள், திசம்பர் 22-ஆம் நாள் இரவு, புயல் எழுந்து தனுசுகோடியைத் துடைத்தெறிந்தது. பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டியைப் பயணிகளோடு கடல் விழுங்கிற்று. உடன்படிக்கையும் புயலும் ஓராண்டின் ஈற்றிலே, இரு திங்களுக்குள்ளே. புயலில் தூண்களும் உத்தரங்களும் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாள்களிற் செப்பனிட்டார்கள். மேற்பார்த்த பொறியாளர், பிற்காலத்தில் தில்லி நகர்த் தொடர்வண்டி அமைப்பால் பெயர்பெற்ற சிறீதரன். அரசு மனம் வைத்தால் 46 நாள் போதும்! தனுசுகோடிக்கோ அறுபதாண்டு கடந்தும் தொடர்வண்டி இல்லை.

புயலுக்குப்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிற்று. அக்கப்பலில் வந்திறங்கியவர் பலர் யார்? உடன்படிக்கையின்படி அனுப்பப்பட்ட நம் மலையக உறவுகளே. கொள்ளுப் பாட்டன் எவ்வழிச் சென்றானோ அவ்வழியே கொள்ளுப் பேரன் பெட்டியும் பாயுமாய்த் திரும்பினான். அதே மண்டபம் முகாமிற் படுத்தான். 1980-களின் முற்பகுதியில் ஈழத்திற் போர்த்தீ மூண்டது, அக்கப்பலும் நின்றது. அதன்பின் வந்தவர்கள் இரவில், படகில், உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு 24,000 கோடிக்கு வருவோம். கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம்; உணர்ச்சியுரை நம்மிடம் நிறைய உண்டு, கணக்குத்தான் குறைவு. நூற்றுக்கு ஐந்து என்று மிகக் குறைந்த வட்டியே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,200 கோடி உருபா வட்டி மட்டும். நாளொன்றுக்கு மூன்றேகாற் கோடிக்கு மேல். முதல் வேறு. 2024-இல் இலங்கைக்குச் சென்ற இந்தியச் சுற்றுலாவினர் நாலிலக்கத்துச் சொச்சம். அத்தனை பேரும் வானூர்தியை விட்டுவிட்டுப் பாலத்தின் வழியே சென்று, தலைக்கு ஆயிரம் உருபா சுங்கமும் கட்டினால் கிடைப்பது நாற்பது கோடி அளவே. வட்டியை அடைக்க ஆண்டுக்கு ஒரு கோடியே இருபதிலக்கம் பேர் கடக்க வேண்டும். அத்தீவின் மக்கள்தொகையிற் பாதிக்கு மேல்! ஆட்களை விடுத்துச் சரக்குந்தினை நம்பினால், வண்டிக்கு ஐயாயிரமாக நாளொன்றுக்கு 6,500-க்கு மேற்பட்ட வண்டிகள் இராப்பகல் ஓடவேண்டும். அத்துணைச் சரக்கு இருகரைக்கும் இடையே இன்று இல்லை. நாளை வருமென்று சொல்வோர் எதைக் கொண்டு சொல்கின்றனரோ யாமறியோம். எனவே சுங்கத்தால் இக்கடன் அடையாது. அடையாத கடனுக்கு வேறேதோ ஒன்று ஈடாக வேண்டும். அந்த ‘வேறேதோ’ என்ன என்பதே நம் வினா.

இரு நாடுகள் கூடிப் பாலங்கட்டிய கதை உலகில் இல்லாமலில்லை. தென்மார்க்கும் சுவீடனும் 1991-இல் உடன்படிக்கை செய்து, 2000 சூலை முதல் நாளில் ஓரெசுண்டு பாலத்தைத் திறந்தன. இரு அரசும் ஒத்த பங்கில் ஒரு நிறுவனம் அமைத்தன. கடனுக்கு இரு அரசும் பிணைநின்றன. சுங்கப் பணத்திலிருந்து கடன் அடைக்கப்படுகின்றது. கடக்க வேண்டியவர் கூட்டமும் இருந்தது, பிணைநிற்கும் வலிமையும் இருந்தது. கனடா இன்னொரு வகை. வின்சருக்கும் திட்ராயிட்டுக்கும் இடையேயுள்ள ஆற்றுப் பாலத்திற்கு முழுச் செலவையும் தானே ஏற்றது; போட்டதைச் சுங்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்; ஆனால் உடைமை இரு பக்கத்துக்கும் உண்டு.

நம் பாலத்திற்கு இவ்விரண்டில் எது பொருந்தும்? 2022 ஏப்பிரலில், அயல்நாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென்று கைவிரித்த நாடு இலங்கை. பன்னாட்டுப் பணநிதியத்தின் வாயிலில் நின்று மீண்டு வருகின்றது. அது சரிபாதிப் பிணை நிற்கவொண்ணாது. ஆகவே ஓரெசுண்டு முறை இப்போதைக்கு இல்லை. இந்தியாவே போடட்டும் என்பது கனடா முறை. போடுகின்றவன் சுங்கத்தில் மீட்கவியலாத தொகையைப் போடுகின்றான் என்றால், அவன் மீட்க எண்ணுவது பணமன்று. இந்த அச்சம் சிங்களர்க்கு உண்டு. இந்திய விரிவாண்மை என்று 1960-களிலேயே தன் தொண்டர்க்குப் பாடம் நடத்திய மக்கள் விடுதலை முன்னணியின் தலைவரே இன்று அந்நாட்டின் குடியரசுத் தலைவர். சிங்களர் அஞ்சுவதையெல்லாம் இனவெறி என்று ஒதுக்கிவிடுவது நமக்கு எளிது. ஆனால் தில்லியின் தோழமை என்னவென்பதை அவர்களினும் நன்கறிந்தவர் ஈழத்தமிழரே! ஆதலின் அவ்வச்சத்தில் ஒரு பங்கு நமக்கும் இருத்தல் வேண்டும்.

ஏனெனில், ஈடாகப் போவது கொழும்பின் மண்ணன்று. பாலத்தின் மறுதலை ஊன்றப்படும் இடம் மன்னார். சிங்களத் தென்கரையில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனக் கடனில் கட்டினார்கள், வருவாய் இல்லை, 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்தின் கையிற் போயிற்று. தம் மண்ணையே அப்படிக் கொடுத்தவர்கள், தமிழன் மண்ணைக் கொடுக்கத் தயங்குவரோ? இப்போதே பாருங்கள். மன்னார்த் தீவிற் காற்றாலைகள் நடவேண்டா என்று 2025-இல் அவ்வூர் மக்கள் தெருவில் அமர்ந்து போராடினர். அவர்களைக் கேட்டா திட்டம் வரைந்தார்கள்? வடக்கு மாகாணத்துக்கு 2013-இல் முதன்முறையாய் ஓர் அவை கிடைத்தது. 2018-இல் அதன் காலம் முடிந்தது. அடுத்த தேர்தலை ஆண்டுக்கணக்காய்த் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தனர். அவையில்லாத மக்களை எவர் கேட்பார்? எவரிடம் கேட்பார்? பாலம் ஊன்றும் மண்ணுக்குரியவர்க்கு வாய் இல்லை. இக்கரையிலோ வாய் உண்டு, உரிமை இல்லை; அயலுறவும் பெருந்துறைமுகங்களும் நடுவணரசின் பட்டியலில் இருக்கின்றன. இரு தமிழ்க் கரைகளை இணைக்கும் பாலத்தைப் பற்றித் தமிழர் எவரும் கையெழுத்திடாமலே கட்டி முடித்துவிடலாம் என்பதே இன்றைய நிலை. 1964 அக்தோபரிலும் அப்படித்தான் நடந்தது.

இடையில் ஒன்று. பாரதியார் அத்தீவுக்குப் பாலம் அமைக்கக் கனவு கண்டதை நம் மேடைகளிற் சொல்லாதார் இல்லை. கனவு நல்லதுதான். ஆனால் தீவைச் சிங்களர் பெயராலேயே அவர் குறித்தார். வடகரையில் தமிழனொருவன் நின்று கைநீட்டுகின்றான் என்பது அப்பாட்டில் இல்லை. தில்லியும் இன்று அதே பாட்டைத்தான் பாடுகின்றது போலும்!

தில்லியின் நெஞ்சில் இன்னொரு முரணும் உண்டு. சேதுக் கால்வாய்த் திட்டத்தை 2005 சூலை 2-இல் மதுரையில் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். மதிப்பு 2,427 கோடி. அக்கடலிற் கிடக்கும் மணற்றிட்டுகள் இராமன் கட்டிய பாலமென்றும், அவற்றைத் தொடலாகாதென்றும் வழக்காடினர், 2007-இல் உச்சநீதிமன்றம் தடுத்தது, தோண்டியது தூர்ந்தது. 2023 சனவரியில் தமிழகச் சட்டமன்றம் கால்வாயை மீண்டும் கேட்டு ஒருமனதாய் முடிவெடுத்தது, விடை இல்லை. மண்ணைத் தோண்டினால் புண்படும் நம்பிக்கை, அதே மணற்றிட்டுகளின் பக்கத்தில் ஆயிரக்கணக்கான தூண்களை இறக்கினால் புண்படாதோ? இதில் நம்மவர் பிழையும் ஒன்றுண்டு. கப்பல் செல்லக் கால்வாயும் வேண்டும், அதன் குறுக்கே பாலமும் வேண்டும் என்று ஒரே மேடையில் இரண்டு முடிவுகளை நிறைவேற்றுகின்றோம். பெருங்கப்பல் கீழே செல்லும் உயரத்திற்குப் பாலத்தைத் தூக்கினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று எவரும் கேட்பதில்லை. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளும் பாக்கு நீரிணையின் ஆவுளியாக்களும் இரண்டையும் தாங்குமா என்பதும் கேட்கப்படுவதில்லை. 2022-இல் தமிழக அரசே ஆவுளியாவுக்கென அக்கடலிற் காப்பகம் அறிவித்திருக்கின்றது.

சரி, 24,000 கோடி இல்லை. எளிய செலவிலாவது ஏதேனும் செய்தார்களா? அங்கேதான் உண்மை வெளிப்படுகின்றது. தலைமன்னார்க் கரையில், போரில் அழிந்த தொடர்வண்டித் தடத்தை இந்தியக் கடனுதவியில் இந்திய நிறுவனமே மீண்டும் அமைத்தது. 2015 மார்ச்சு 14-இல் நரேந்திர மோதியே அங்குச் சென்று தொடங்கிவைத்தார். அக்கரையில் வண்டி கடற்கரை வரை வந்து நிற்கின்றது. இக்கரையில்? இராமேசுவரத்திலிருந்து தனுசுகோடிக்குப் பதினேழு கிலோமீட்டர்த் தடத்திற்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். நிலம் தருவதில் மாநில அரசு உடன்படவில்லை. திட்டம் கிடப்பிற் போயிற்று. மண் அரித்துச் செல்லும் அம்முனையில் தடம் தேவையா என்பது பொறியாளர் பேசவேண்டிய செய்தி. யாம் அதில் முடிவு கூறோம். ஆனால் தன் கரையிற் பதினேழு கிலோமீட்டருக்கு வழிகாணாதவர்கள் கடலுக்குள் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குத் திட்டம் சொல்கின்றார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்க. பாம்பனில் 2025 ஏப்பிரல் 6-இல் புதிய தொடர்வண்டிப் பாலம் திறந்தார்கள், ஐந்நூறு கோடிக்கு மேற்பட்ட செலவு, 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி செங்குத்தாய் உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும். நல்ல வேலைப்பாடு, பாராட்டுவோம். அதைக் கடந்து செல்லும் வண்டி இராமேசுவரத்தில் நின்றுவிடுகின்றது.

கப்பலின் கதையும் கேளுங்கள். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்தோபர் 14-இல் கப்பல் தொடங்கினார்கள். ஒருவழிக் கட்டணம் வரியோடு 7,670 உருபா. நாகைக்கரை மீனவனோ, யாழ்ப்பாணத்துச் சிறுவணிகனோ, மண்டபம் முகாமிலிருந்து தாய்மண் பார்க்கச் செல்ல விரும்பும் முதியவளோ இத்தொகையை எங்கே போய்த் தேடுவர்? ஒரு கிழமைக்குள் நின்றது. பின் 2024 ஆகத்து 16-இல் மீண்டும் தொடங்கிற்று. நடப்புச் செலவுக்கென இந்திய அரசு திங்கள்தோறும் இரண்டரைக் கோடி இலங்கை உருபாவுக்கு மேல் தந்து தாங்கிற்று. காங்கேசன்துறையைச் செப்பனிட ஏறத்தாழ ஆறு கோடித் தாலர் தரவும் ஒப்புக்கொண்டது. இது கடனன்று, கொடை என்றே அறிவித்தனர். நல்லது செய்தால் நல்லதென்றே சொல்வோம். ஆனால் பழைய உயிர்வழியாகிய இராமேசுவரம்–தலைமன்னார் வழி என்னவாயிற்று? இருகரையிலும் தொடர்வண்டி வந்து நிற்கும் வழி அது. மிகக் குறுகிய கடல் அது. கடக்கும் செலவும் மிகக் குறைவு. 2011-இலேயே தில்லியும் கொழும்பும் பயணிக் கப்பலுக்கு உடன்படிக்கை எழுதின. 2024 திசம்பர் அறிக்கையிலும் அலுவலர்கள் இதற்கு விரைந்து முயல்வர் என்று எழுதினார்கள். எழுதினார்கள், அவ்வளவே.

24,000 கோடிப் பாலத்தைப் பற்றிப் பேச அமைச்சர்களுக்கு நேரமுண்டு. அதன் சிறு விழுக்காட்டில் முடியும் கப்பல்துறையை முடிக்க நேரமில்லை. ஏன்? பாலம் என்றால் கல் வேண்டும், இரும்பு வேண்டும், பெருங்குத்தகையர் வேண்டும். அவர்களுக்கு ஊதியம் உண்டு. சரக்குந்துகள் தில்லியிலிருந்து திருகோணமலை வரை ஓடலாம். பெருமுதலாளிக்கு நன்மை உண்டு. கப்பலில் யார் போவார்? மாமன் மகளைப் பார்க்கப் போகும் மன்னார்க் கிழவன் போவான். மதுரையில் மருத்துவம் பார்க்க யாழ்ப்பாணத்துத் தாய் வருவாள். அவர்களுக்காக எவன் குத்தகை எடுப்பான்?

இனி நம்மையும் நோக்குவோம். இதைச் சொல்லாமல் இவ்வுரையை முடித்தால் யாம் நேர்மை தவறியவராவோம். ஓரியின் முடிவு எப்படி நேர்ந்தது? அவனைக் கொன்றவன் ஆரியனல்லன், அயலானுமல்லன். திருக்கோவலூர் மலையமான் காரி. காரியும் வள்ளல், ஓரியும் வள்ளல், இருவரும் தமிழர். ஒருவன் ஒருவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். மலையின் வள்ளல் மாண்டான். கொன்ற வள்ளலுக்கும் மலை கிடைக்கவில்லை.

இன்று பாக்கு நீரிணையில் நடப்பதும் அதுவே. தமிழக இழுவைமடிப் படகுகள் அக்கரை வரை சென்று கடலடியை வழித்தெடுக்கின்றன. வடக்கிலே போரில் எல்லாம் இழந்து, சிறுபடகும் சிறுவலையும் கொண்டு மீண்டும் பிழைக்கத் தொடங்கிய தமிழ் மீனவனின் வலை அதில் அறுகின்றது. அவன் கடலின் கருவும் அழிகின்றது. சிங்களக் கடற்படை நம் மீனவரைச் சிறைப்பிடிக்கும்போது கொதிக்கின்றோம், கொதிக்கத்தான் வேண்டும். சுட்டுக் கொன்ற நாள்களை மறக்கவும் மாட்டோம். ஆனால் அறுந்த வலையோடு பருத்தித்துறையில் நிற்பவனும் தமிழனே என்பதை எத்தனை மேடைகளிற் சொன்னோம்? 2017-இல் இலங்கை அரசு இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டு, நம் இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாய் மாற்றித்தரத் தில்லியும் சென்னையும் ஒரு திட்டம் தொடங்கின. இரண்டாயிரம் படகு என்றார்கள். இலக்கின் அருகிலும் செல்லவில்லை. மீனவன் தன் பங்குத் தொகையும் வங்கிக் கடனும் சேர்த்துச் சுமக்க இயலாமல் விலகினான். இங்கும் சிக்கல் பொருள்தான்! இரு தமிழ்க் கரைகளுக்கிடையே எரியும் நெருப்பை அணைக்கும் அத்திட்டத்தை முழுக் கொடையாய் மாற்ற ஆகும் தொகை, கடற்பாலத்துக்குச் சொல்லும் தொகையில் எள்ளளவு. கேட்டோமா?

இவற்றையெல்லாம் எண்ணி, நம் இயக்கத்தின் நிலைப்பாடு இதுவென்று தெளிவாய்ச் சொல்ல விரும்புகின்றோம். பாலத்திற்கு நாம் பகைவரல்லம். தமிழ்க்கரை இரண்டும் தொட்டுக்கொள்ளும் நாளை விரும்பாத தமிழன் இருக்கமாட்டான். ஆயின் வடக்கு மாகாண மக்கள் தாமே தேர்ந்த அவையும், தமிழகச் சட்டமன்றமும் ஒப்பாத எந்தப் பாலத்தையும் யாம் வரவேற்கமாட்டோம். மன்னார் மண்ணில் ஒரு பிடியையும் கடனுக்கு ஈடு வைக்கும் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் எதிர்ப்போம். அனுமன் பெயரில் வந்தாலும், திருவள்ளுவர் பெயரில் வந்தாலும்! இரு அரசுகளின் பங்கும் உடைமையும் உலகறிய எழுதப்படும்வரை இதனைப் பாலமென்றே யாம் சொல்லோம். தேர்தல் அறிக்கை என்போம். அதுவரை நாம் கேட்பது கப்பல். ஏழைத் தமிழன் ஏறத்தக்க கட்டணத்தில், இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு, நாள்தோறும்.

கப்பலால் வரும் இழப்பை யார் தாங்குவது என்பர். நகரப் பேருந்தில் வரும் இழப்பைத் தமிழக அரசு தாங்கவில்லையா? பெண்டிர்க்குக் கட்டணமே வாங்காமல் பேருந்து ஓட்டுகின்றதே! மலைமேலுள்ள செம்மேட்டுக்கும் அரசுப் பேருந்து எழுபது வளைவேறி வருகின்றது. அவ்வண்டி ஊதியம் ஈட்டுகின்றதா என்று எவரும் கேட்டதாய்த் தெரியவில்லை. மலைமகன் சந்தைக்குப் போகவேண்டும், மிளகும் பலாவும் இறங்கவேண்டும், பிள்ளை பள்ளிக்குச் செல்லவேண்டும் என்பதற்காக அது ஓடுகின்றது. அதே முறையிற் கடல்மேலும் ஒரு வண்டி ஓடட்டும் என்கின்றோம்.

அன்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்க்கும், தமிழக முதலமைச்சர்க்கும் தூய தமிழில் ஓர் அஞ்சலட்டையேனும் எழுதுக. இரண்டே வினா போதும்: இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பல் எந்நாள் புறப்படும்? இழுவைப் படகு மாற்றத் திட்டத்தில் மீனவன் சுமக்கும் பங்கை அரசு எப்போது ஏற்கும்? ஈழத்திலும் மலேசியா, சிங்கப்பூரிலும் உள்ள நம் உறுப்பினர்கள் தத்தம் ஊர்த் தமிழ் மன்றங்களின் வாயிலாய் இதே வினாக்களைக் கொழும்புக்கும் விடுக்கலாம். விடை வந்தால் அதன் படியொன்றை நமக்கும் அனுப்புக. வந்தவாறே அடுத்த இதழில் அச்சிடுவோம். வராவிடினும் எழுதி அறிவியுங்கள், அதையும் அச்சிடுவோம்.